வெர்லா மிஸ் தாண்டிய கோடு

ஓஸ்ட்பி பள்ளிக்கூடத்துப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்த முதல் நாளே வெர்லா யென்ஸ்வோல்ட் ஒரு தப்பு செய்தாள். பந்தைத் தட்டிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டிவிட்டாள்.

ஏதோ கால் இடறித் தாண்டியதில்லை. ஒரு முனையில் பந்தை எடுத்தவள், கோடு என்று ஒன்று இருப்பதே நினைவில்லாமல் மறுமுனை வரைக்கும் ஓடி, கூடையில் போட்டுவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"மிஸ், கோட்டத் தாண்டிட்டீங்க" என்றாள் எல்டா க்ரூக். பன்றிப் பண்ணைக்காரர் மகள், தோள் அகலம், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். "ரெண்டு தட்டுக்கு மேலயும் தட்டிட்டீங்க. எங்க வீட்டுக் கடைக்குட்டிகூட இப்படித் தப்புப் பண்ணாது மிஸ்."

தப்புதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பெண்கள் ஆட்டமே வேறு. ஒரு அணிக்கு ஆறு பேர். அதில் மூன்று பேர் கூடை போடுகிறவர்கள், மூன்று பேர் தடுக்கிறவர்கள். நடுவில் ஒரு கோடு. போடுகிறவள் கூடை போடும் பாதியில் நிற்பாள், தடுக்கிறவள் எதிரியைத் தடுக்கும் பாதியில் நிற்பாள். யார் கோட்டைத் தாண்டினாலும், பந்தை இரண்டு முறைக்கு மேல் தட்டினாலும் நடுவர் விசிலை ஊதிப் பந்தைப் பிடுங்கி எதிரி கையில் கொடுத்துவிடுவார். ஆகவே எட்டாம் வகுப்பில் தடுக்கிறவளாக நிறுத்தப்பட்ட பெண், படிப்பை முடித்துக் கல்யாணமாகிப் போகிறவரை ஆட்டத்தில் ஒரு கூடைகூடப் போட்டிருக்க மாட்டாள். போடுகிறவளின் படம் பேப்பரில் வரும். தடுக்கிறவளின் பெயர் பேப்பரில் வந்தால் அது கல்யாணச் செய்தியாகத்தான் இருக்கும்.

வெர்லாவுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. அவளும் அதே அயோவாவின் சோளக்காட்டு நடுவில் பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் தடுக்கிறவளாக நின்று நின்று கால் மரத்துப்போனவள். ஆனால் அதற்குப் பிறகு ஏழு வருஷம் ப்ளூ ரிப்பன்ஸ் என்ற அணியில் சம்பளத்துக்கு ஆடியிருந்தாள். விதை வியாபாரி ஒருவர் விளம்பரத்துக்காக நடத்திய அணி அது. ஏழு பெண்கள், நீளமான ஒரு கார், ஆளுக்கொரு நீல ரிப்பன். ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் ஆண்களோடு, ஆண்களின் சட்டப்படி மோதுவார்கள். தீயணைப்புக்காரர்கள், கசாப்புக்காரர்கள், பல் டாக்டர்கள் என்று யார் அணி சேர்த்துக்கொண்டு வந்தாலும் சரி. பல் டாக்டர்களால் அவள் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. நெப்ராஸ்காவில் சவப்பெட்டிக் கடைக்காரர் ஒருவரின் முழங்கைதான் கடைவாய்ப் பல் ஒன்றைக் கொண்டுபோயிற்று. அன்றைக்கு ஜெயித்தது ரிப்பன்கள்தான்.

அந்த ஆட்டத்தில் கோடு கிடையாது. ஒரு முனையில் எதிரியைத் தடுத்துப் பந்தைப் பறித்தால், அதே மூச்சில் மறுமுனைக்கு ஓடிக் கூடையிலும் போடலாம். முதல் முறை அப்படி ஓடிய இரவில் வெர்லாவுக்குத் தூக்கமே வரவில்லை. இத்தனை வருஷம் பாதி வீட்டில் குடியிருந்திருக்கிறோம் என்று தோன்றியது.

ஆனால் அந்தச் சம்பளத்தோடு ஒரு அசிங்கமும் ஒட்டிக்கொண்டு வந்தது. இடைவேளையில் வேடிக்கை காட்ட வேண்டும். வெர்லாவின் பங்கு, நடு வட்டத்தில் மண்டியிட்டு அங்கிருந்தே பந்தை எறிந்து கூடையில் விழவைப்பது. விழுந்ததும் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து எல்லோரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிரிப்பு குறைந்தால் மானேஜர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். உலகப் போர் வந்தது, டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் வந்தது, நீளக் கார் ஒரு கொட்டகையில் போய் நின்றது, ரிப்பன்கள் திசைக்கொன்றாகக் கலைந்தார்கள். மண்டியிடும் வேலை போனதற்காக வெர்லா ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. பந்து கையைவிட்டுப் போனதற்காக அழுதாள்.

ஓஸ்ட்பியின் பழைய பயிற்சியாளர் ரூட் கடற்படைக்குப் போய்விட்டதால்தான் அவளுக்கு அழைப்பு வந்தது. டைப்ரைட்டிங் பாடமும் கூடைப்பந்தும், ஒரே ஒரு வருஷத்துக்கு. பள்ளிக் குழுத் தலைவர் ஆரின் ஃபோசம். ஊரின் தானியக் கிடங்கு அவருடையது, ஆகவே ஊரின் அபிப்பிராயங்களும் பெரும்பாலும் அவருடையவைதான். வளைத்துப் பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

"நேராவே சொல்லிடறேன் மிஸ். நம்ம பொண்ணுங்க இதுவரைக்கும் மாநிலப் போட்டிக்கு டெ மொய்ன் போனதில்ல. ஒவ்வொரு வருஷமும் கேரோ ஊர்க்காரங்க வழி மறிச்சிடறாங்க. இந்த வருஷம் போயிட்டா, நீங்க இங்கயே இருங்க. போகலைன்னா பெட்டியக் கட்டிக்குங்க. தெற்கால ஒருத்தர் இருக்கார், கண் பார்வை சரியில்லன்னு பட்டாளத்துல எடுக்கல. அவரக் கூட்டிட்டு வந்துடுவோம்."

கண் தெரியாத ஆணைவிடக் கண் தெரிந்த பெண் ஒரு படி கீழே என்பதை வெர்லா குறித்துக்கொண்டாள். சரி என்று தலையாட்டினாள். அவளுக்கு அந்த வேலை வேண்டும். மண்டியிடாமல், கூலிக்குச் சிரிக்காமல் பந்தோடு வாழ அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. வாழ்க்கையில் எதையும் அவள் இவ்வளவு விரும்பியதில்லை.

அக்டோபரில் லூத்தரன் சர்ச்சில் விருந்து நடந்தது. மீனும் உருளைக்கிழங்கு ரொட்டியும் காலியாகி, காப்பி வந்த நேரம். ஃபோசம் கையில் ஒரு பந்தோடு எழுந்து, நம்ம மிஸ் ஒரு காலத்தில் மண்டியிட்டுப் பந்து போடுவாராம், அதை நாமும் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். வெர்லா காப்பியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அது அந்தச் சம்பளத்துக்குச் செஞ்சது சார். நீங்க வேற வேலைக்குல்ல சம்பளம் குடுக்கறீங்க?"

ஓஸ்ட்பியில் ஃபோசமிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கை தட்டியவர்கள் தட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார்கள். மறுநாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதை நிறுத்தி, ரிப்பன்காரி என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னால் ஊரும் சொல்லும்.

இதற்கு மேல் ஒரு சிக்கல் இருந்தது. அணியின் நட்சத்திரம் ஃபோசமின் மகள் ஆர்லிஸ். போடுகிறவள் என்றால் அவள்தான் போடுகிறவள். நெட்டையான பெண், இடுப்பிலிருந்து பந்தை எடுத்து எறிகிற வேகம் கண்ணுக்குச் சிக்காது. அவளுக்கும் அது தெரியும். மற்ற இரண்டு போடுகிறவர்களும் பந்தைப் பிடித்து அவளிடம் கொடுப்பதற்காகவே பிறந்தவர்கள் மாதிரி நடந்துகொள்வார்கள். அந்தப் பக்கத்துக்கு மெர்னா என்றொரு மாற்று ஆட்டக்காரியும் இருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, தன் கை இருப்பதையே மறந்துபோனவள்.

வெர்லா நவம்பரில் வியாழக்கிழமை வழக்கத்தைக் கொண்டுவந்தாள். வியாழக்கிழமைப் பயிற்சியில் எல்லாமே தலைகீழ். தடுக்கிறவர்கள் போட வேண்டும், போடுகிறவர்கள் தடுக்க வேண்டும்.

காப்பிக் கடையில் இதுதான் ஒரு வாரத்துக்குப் பேச்சு. "கோழியப் பால் கறக்கச் சொல்றா, மாட்ட முட்டை போடச் சொல்றா அந்த ரிப்பன்காரி" என்றார் ஒருவர். சட்டத்தில் இடமில்லாத வித்தையைக் கற்றுக்கொடுப்பதற்குப் பதில் மண்டியிடவாவது சொல்லிக்கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். ஃபோசம் சிரிக்கவில்லை. அது அவர் மகளின் வியாழக்கிழமை.

முதல் வியாழக்கிழமை ஆர்லிஸ் எல்டாவைத் தடுக்க நின்றாள். எல்டா வாழ்நாளில் கூடையை நேராகப் பார்த்ததில்லை. ஆனால் போடுகிறவர்களை எதிரில் நின்று பார்த்துப் பார்த்து அவர்கள் செய்யும் ஏமாற்று அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. வலது தோளைக் குலுக்கினாள். ஆர்லிஸ் வலதுபக்கம் பாய்ந்தாள். எல்டா சாவகாசமாக இடது பக்கம் போய்ப் பந்தை எறிந்தாள். விழவில்லை, ஆனால் ஆர்லிஸ் விழுந்தாள். மூன்றாவது முறை விழுந்தபோது எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எதுக்கு மிஸ் இதக் கத்துக்கணும்? நான் போடுறவதானே."

வெர்லா அவளுக்கு எதிரில் குந்திக்கொண்டாள். "தோளப் பாத்து ஏமாந்தே. அடுத்தது அவ கண்ணப் பாத்து ஏமாந்தே. வயித்தப் பாருடி. கண்ணு பொய் சொல்லும், தோளும் பொய் சொல்லும். வயிறு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கந்தான் ஆளு போவா. எனக்கு இத ஒரு கசாப்புக்காரன் கத்துக்குடுத்தான், என்னக் கீழ கீழ தள்ளி. நீ எல்டாகிட்ட விழறதுக்குக் குடுத்துவச்சிருக்கணும்."

எல்டா பல்லைக் காட்டினாள். ஆர்லிஸ் எழுந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க வியாழன்தோறும் அவள் விழுந்தாள், விழுவது மெல்ல மெல்லக் குறைந்தது. எல்டா எறிந்த பந்துகளும் மெல்ல மெல்லக் கூடையில் விழ ஆரம்பித்தன. விழுகிற ஒவ்வொரு முறையும் எல்டா யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்ப்பாள். வியாழக்கிழமைப் பயிற்சியை யார் வந்து பார்ப்பார்கள்?

ஜனவரியில் ஃபோசம் டைப்ரைட்டிங் வகுப்புக்கே வந்துவிட்டார். சாவிகளின் சடசடப்புக்கு மேலே குரலை உயர்த்தி, மகள் ஒரே வருஷத்தில் அதிகக் கூடை போட்ட கவுண்டிச் சாதனையை உடைக்கப்போகிறாள், அவள் கைக்கு ஒன்று ஆனால் யார் பொறுப்பு, இந்த வியாழக்கிழமைக் கூத்தை இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார். வெர்லா, நிறுத்தலாம், ஆனால் அப்படியானால் மிச்ச நாட்களுக்கும் நீங்களே வந்து பழக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு பெண்ணின் விரலை எடுத்துச் சரியான சாவியில் வைத்தாள். அவர் நின்று பார்த்தார். அணி தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தது, அதுதான் அவருக்குத் தொண்டையில் முள்.

"மார்ச்சுல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச்சும் வந்தது. டெ மொய்ன் போவதற்கு முன் கடைசிப் படி, மாவட்ட இறுதி ஆட்டம். எதிரில் கேரோ. அவர்களிடம் லவோன் பிட்ஸ் இருந்தாள், ஆர்லிஸுக்கு ஈடான ஒரே ஒருத்தி. பெட்ரோல் கூப்பனைச் சேர்த்து வைத்து இரண்டு ஊரும் மொத்தமாகக் கிளம்பி வந்திருந்தன. பனியில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும் பொரித்த சோளத்தின் வாசனையும் அரங்கத்தை நிறைத்திருந்தன. ஃபோசம் முன்வரிசையில், செய்தி எழுத டெ மொய்னிலிருந்து வந்த பேப்பர்காரர் பக்கத்தில், நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மகள் சாதனையைத் தொடுகிற தூரத்தில் இருந்தாள்.

வெர்லா உள்ளே நுழைந்ததும் கேரோ பையன்கள் கூட்டமாக எழுந்து, "மண்டி போடு, மண்டி போடு" என்று பாட்டுப் பாடினார்கள். தரையில் நீல ரிப்பன்கள் வந்து விழுந்தன. ஓஸ்ட்பிக்காரர்களில் சிலரும் சிரித்ததை அவள் பார்த்தாள். அது வலித்தது. பெண்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் குனிந்து ஒரு ரிப்பனை எடுத்துத் தூசி தட்டி, கோட்டுப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் களத்தில் இருக்கிற ஆட்டக்காரிகளிடம் வாய் திறக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். ஆளை மாற்றலாம், அவ்வளவுதான். ஏன் மாற்றினோம் என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதையெல்லாம் முன்பே சொல்லி முடித்திருக்க வேண்டும்.

ஆர்லிஸ் ஒரு முனையில் போட்டுத் தள்ளினாள். லவோன் மறுமுனையில் போட்டாள், ஆனால் அவள் போட்ட ஒவ்வொன்றுக்கும் எல்டா அவளை வியர்க்க வைத்தாள். கடைசிப் பகுதி தொடங்கியபோது கேரோக்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. தங்கள் தடுக்கிற மூன்று பேரையும் ஆர்லிஸ் மேலேயே விட்டார்கள். மற்றவர்கள் போட மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஓஸ்ட்பியின் கூடை அப்படியே வறண்டுபோயிற்று. லவோன் விடாமல் துரத்தி வந்தாள். ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிஷமே இருந்தபோது ஓஸ்ட்பி ஒரே ஒரு புள்ளிதான் முன்னால் இருந்தது.

அப்போது விசில் கேட்டது. எல்டாவின் நான்காவது ஃபவுல். நான்கு ஆனால் வெளியே போக வேண்டியதுதான்.

எல்டா பெஞ்சுக்கு வந்து, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டாள். தடுக்கிற பக்கத்துக்கு மாற்றாக இருந்தது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் கால் ஆடுவது பெஞ்சுக்கே தெரிந்தது. லவோன் அவளைத் தோசை மாதிரித் திருப்பிப் போட்டுவிடுவாள்.

வெர்லா அவளைப் பார்க்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம், மூன்று பேருக்கு நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் நின்ற ஆர்லிஸைப் பார்த்தாள். கடைசிக் கூடை விழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்று யோசித்தாள். பிறகு மெர்னாவின் முதுகைத் தட்டி எழுப்பி, புள்ளிக் கணக்கு எழுதுகிற மேசையில் போய் என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னாள்.

மெர்னா மேசைக்குப் போய்ச் சொன்னாள். மேசையில் இருந்தவர் காதில் விழாத மாதிரி மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார். மெர்னா போடுகிற பக்கத்துக்கு. ஆர்லிஸ் ஃபோசம் தடுக்கிற பக்கத்துக்கு.

முதலில் கேரோ பக்கம் சிரிப்பு எழுந்தது. அப்புறம் ஓஸ்ட்பி பக்கம் ஒரு ஊளை கிளம்பியது. எதிரிகள் போட்ட ஊளை இல்லை, சொந்த ஊர்க்காரர்கள் போட்டது. ஃபோசம் எழுந்து நின்றார். சாதனைக்கு இன்னும் ஒரே ஒரு கூடை. அவர் மகளை அது விழ முடியாத பாதிக்கு, எல்லோரும் பார்க்க, அனுப்பிவிட்டாள் ரிப்பன்காரி.

"என் பொண்ண எதுக்கு அங்க அனுப்பறீங்க? அவளுக்கு அங்க என்ன வேல?" அந்தக் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

ஆர்லிஸ் நடுக்கோட்டின் மேல் நின்று பெஞ்சைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெர்லா பேச முடியாது. வலது கையைத் தன் வயிற்றில் வைத்தாள். ஒரே ஒரு முறை தட்டிக் காட்டினாள். ஆர்லிஸ் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள்.

முதல் பந்திலேயே லவோன் அவளை ஏமாற்றினாள். தோளைக் குலுக்கினாள், ஆர்லிஸ் குதித்தாள், லவோன் குனிந்து பக்கவாட்டில் போய்ப் போட்டாள். கேரோ ஒரு புள்ளி முன்னால். வெர்லாவின் பெட்டி கட்டில் அடியில் இருந்தது, அதைக் கட்டுவதற்கு ஒரு மாலைகூடத் தேவைப்படாது. பேசாமல் ஆர்லிஸை இருந்த இடத்துக்கே அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பக்கத்தில் துண்டிலிருந்து முகத்தை எடுத்திருந்த எல்டா மெல்லச் சொன்னாள். "முதல் தடவ விழத்தான் செய்வா மிஸ். எப்பவும் அப்படித்தான். அப்புறம் விழ மாட்டா."

வெர்லா அசையாமல் உட்கார்ந்தாள்.

பந்து ஓஸ்ட்பியின் போடுகிற பக்கத்துக்குப் போயிற்று. அங்கே வேடிக்கை ஒன்று நடந்தது. இவ்வளவு நேரம் ஆர்லிஸையே மொய்த்துக்கொண்டிருந்த மூன்று கேரோ பெண்களுக்கும் இப்போது யாரை மொய்ப்பது என்று தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்து மெர்னாவிடம் வந்தது. பழக்கத்தில் ஆர்லிஸைத் தேடி அவள் கழுத்து திரும்பியது. ஆர்லிஸ் இல்லை. எதிரில் யாருமே இல்லை. வேறு வழியில்லாமல், கண்ணை மூடிக்கொண்டாளோ என்னவோ, மெர்னா எறிந்தாள். பந்து வளையத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றி யோசித்து உள்ளே இறங்கியது.

மெர்னா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓஸ்ட்பி மறுபடி ஒரு புள்ளி முன்னால்.

இனி ஒரே ஒரு பந்துக்குத்தான் நேரம். அது லவோனிடம் வரும் என்று அரங்கத்தில் இருந்த கைக்குழந்தைக்கும் தெரியும். வந்தது. ஆர்லிஸ் எதிரில் நின்றாள். லவோன் ஒரு முறை தட்டினாள். தோளைக் குலுக்கினாள். ஆர்லிஸ் அசையவில்லை. லவோன் கண்ணை இடது பக்கம் ஓட்டினாள். ஆர்லிஸ் அசையவில்லை. அவள் பார்வை லவோனின் இடுப்புக்கச்சையிலேயே ஆணி அடித்த மாதிரி இருந்தது. லவோன் இரண்டாவது முறை தட்டினாள். அதோடு தட்டுகள் தீர்ந்தன. இனி எறிந்தாக வேண்டும், எப்போது எறிவாள் என்பது ஆர்லிஸுக்குத் தெரியும், அந்த இடத்தில் அவளே நூறு முறை நின்றிருக்கிறாள். லவோனின் வயிறு நிமிர்ந்தது. ஆர்லிஸ் அப்போதுதான் குதித்தாள்.

பந்து லவோனின் கையிலிருந்து புறப்பட்டு ஆர்லிஸின் உள்ளங்கையில் போய் அறைந்தது. அந்தச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பந்து கீழே விழுந்து உருண்டது. ஆர்லிஸ் அதன் மேல் விழுந்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். நேரம் முடிந்ததற்கு அடையாளமாக மேசையில் துப்பாக்கி வெடித்தது. ஆட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஓஸ்ட்பிக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பாதிரியார் தொப்பியை எறிந்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு. காப்பிக் கடைக்காரர் கேரோ ஊர்ப் பெண்மணி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அழுதது உண்மை, அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். டெ மொய்ன், டெ மொய்ன் என்ற கூச்சலில் கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது. எல்டா போய் ஆர்லிஸைத் தரையிலிருந்து தூக்கினாள், தூக்கியவள் கீழே இறக்கவே இல்லை, கோணி மூட்டை மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு சுற்றினாள்.

பேப்பர்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஆர்லிஸிடம், சாதனைக்கு ஒரே ஒரு கூடை குறைந்துவிட்டதே, வருத்தமில்லையா என்று கேட்டார். எல்டாவின் தோளில் தலைகீழாகத் தொங்கியபடியே ஆர்லிஸ் பதில் சொன்னாள்.

"நான் எத்தன போட்டேன்னு எதுக்குக் கேக்கறீங்க? லவோன் கடைசியா என்ன போட்டான்னு கேளுங்க. எழுதறதா இருந்தா எல்டா பேர எழுதுங்க. க்ரூக். எனக்குத் தடுக்கச் சொல்லிக்குடுத்தது அவதான்."

பேப்பர்காரர் எழுதிக்கொண்டார்.

ஃபோசம் படிகளில் இறங்கி வந்தார். கூட்டம் வழிவிட்டது. வெர்லா பெஞ்சை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. அவர் வந்து எதிரில் நின்றார். அவர் முகம் சிவந்து, கண் ஈரமாக இருந்தது. கத்திய கத்தலில் தொண்டை கட்டியிருந்தது.

"மிஸ் யென்ஸ்வோல்ட்" என்றார். அக்டோபருக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் வருவது அதுதான் முதல் தடவை. "என் பொண்ணுக்கு அங்க என்ன வேலன்னு கேட்டேன். ஊரே கேக்கற மாதிரி கேட்டேன். அதனால ஊரே கேக்கற மாதிரி சொல்றேன். நான் கேட்டது முட்டாள்தனம். ரூட் திரும்பி வந்தார்னா பையனுங்களப் பாத்துக்கட்டும். பொண்ணுங்க உங்களோடது. நீங்களா போறேன்னு சொல்ற வரைக்கும்."

வெர்லா சரி என்று தலையாட்டினாள்.

மனுஷர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஃபோசம் ஃபோசம்தானே. கீழே கிடந்த பந்தை எடுத்து அவளிடம் நீட்டினார். முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "இப்பவாவது ஒண்ணு போட்டுக் காட்டலாம்ல? கேரோ பசங்க கேட்டாங்க பாருங்க, மண்டி போட்டு."

எல்டா ஆர்லிஸைக் கீழே இறக்கினாள். வெர்லா பந்தை வாங்கிக்கொண்டாள். கோட்டைக் கழற்றிப் பெஞ்சில் போட்டாள். ஷூவை உதறினாள். கோட்டுப் பையிலிருந்து அந்த நீல ரிப்பனை எடுத்து, தலைமுடியை இறுக்கிக் கட்டினாள்.

"போடறேன்" என்றாள். "நின்னுக்கிட்டு இல்ல, மண்டி போட்டும் இல்ல. ஓடிக்கிட்டு. எல்டா, கூட வாடி."

"எங்க மிஸ்?"

"அந்தக் கடைசிக்கு."

வெர்லா பந்தைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தட்டில் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் ஓட ஆரம்பித்தாள், வெறுங்காலோடு, பந்து கையோடு ஒட்டிக்கொண்டு வர, ரிப்பன் பின்னால் பறக்க. நடுக்கோடு நெருங்கியது. நடுவரின் கை பழக்கத்தில் விசிலுக்குப் போனது. வாயில் வைத்தவர் ஊதவில்லை. அவள் கோட்டைத் தாண்டினாள். ஒரு அடி பின்னால் வந்த எல்டா கோட்டருகில் ஒரு நொடி தயங்கினாள். ஐந்து வருஷப் பழக்கம் காலைப் பிடித்தது. பிறகு அவளும் தாண்டினாள். அவளைப் பார்த்து ஆர்லிஸ், மெர்னா, கால் ஆடிய ஒன்பதாம் வகுப்புப் பெண், எல்லோரும் தாண்டி ஓடி வந்தார்கள்.

கூடைக்குப் பக்கத்தில் போனதும் வெர்லா எறியவில்லை. பந்தைத் திரும்பிப் பார்க்காமலே பின்பக்கம் தட்டிவிட்டாள். அது எல்டாவின் கைக்குப் போனது. எல்டா பழக்கப்படி யாரிடம் கொடுக்கலாம் என்று பார்த்தாள். யாரும் கையை நீட்டவில்லை. அரங்கம் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்டா க்ரூக் எறிந்தாள். பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது.

ஆட்டம் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் மூலையில் இருந்த ஸ்கோர்ப் பலகைக்காரர், மெதுவாக ஏணியில் ஏறி, ஓஸ்ட்பி பக்கத்து எண்ணைக் கழற்றி, இரண்டு கூட்டி மாட்டிவிட்டு இறங்கினார்.